கேள்வி நேரம்: பழக்கூடையில் தொடங்கிய ஆட்டம்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு பதிலில், பாஸ்கெட்பால் கோர்ட்டில் இன்று நாம் பார்க்கிற ஒவ்வொன்றும் எப்போதோ யாருக்கோ வந்த ஒரு தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வந்திருக்கிறது. சரி, இந்த முறை பக்கம் முழுக்க கூடைப்பந்துதான்.

மற்ற விளையாட்டெல்லாம் காலம் காலமாக ஊரில் ஆடி ஆடி வளர்ந்தவை. பாஸ்கெட்பாலை மட்டும் ஒரே ஆள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தார் என்கிறார்களே, நிஜமா?
*பிளஸ் ஒன் மாணவி, தூத்துக்குடி*

நிஜம்தான். ஆள் பெயர், ஊர், மாதம் எல்லாமே தெரியும். ஜேம்ஸ் நைஸ்மித். கனடாவில் ஆன்டாரியோ மாகாணத்து ஆல்மான்ட் பக்கம் 1861-ல் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் டைஃபாய்டுக்குப் பறிகொடுத்து, மாமா வீட்டில் வளர்ந்தார். மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) பயிற்சிப் பள்ளிக்கு வந்து, அங்கேயே ஆசிரியர் ஆனார்.

1891 குளிர்காலம். வெளியே பனி, அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம், நம் கால்பந்து இல்லை) ஆட முடியாது, பேஸ்பாலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. உள்ளே கூடத்தில் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று டிரில் மட்டும்தான். 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு, எல்லாம் வளர்ந்த ஆட்கள், அந்த டிரில்லில் அலுத்துப்போய் ஆசிரியர் பேச்சையே கேட்பதில்லை. நைஸ்மித்துக்கு முன்னால் இரண்டு பேர் அந்த வகுப்பை எடுத்துப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். துறைத் தலைவர் லூதர் குலிக் அதை நைஸ்மித் தலையில் கட்டி, உள்ளே ஆடுகிற மாதிரி புதிதாக ஓர் ஆட்டம் கொண்டு வா, உனக்கு 14 நாள் என்றார்.

முதலில் தெரிந்த ஆட்டங்களையே கூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்தார். ஃபுட்பாலில் ஆளை ஆள் இழுத்துக் கீழே தள்ளினார்கள், மரத்தரையில் விழுந்தால் எலும்பு என்ன ஆகும்? கால்பந்து ஆடியதில் ஜன்னல்கள் உடைந்தன. வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடும் லக்ராஸ் ஆடியதில் கையும் முகமும் அடிபட்டன. இரண்டு வாரமும் தீரப்போகிறது, கையில் ஒன்றும் இல்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. ஆட்டங்களை விட்டுவிட்டு, அவற்றில் தொல்லை எங்கே தொடங்குகிறது என்று தேட ஆரம்பித்தார். ஆளைப் பிடித்து ஏன் தள்ளுகிறார்கள்? பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறான், அதனால். ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டால் தள்ள வேண்டிய தேவையே இல்லையே! பந்தை ஏன் வெறிகொண்டு அடிக்கிறார்கள்? கோல் நேராக நிற்கிறது, வேகமாக அடித்தால்தான் உள்ளே போகும். அந்தக் கோலைப் படுக்கவைத்து, தலைக்கு மேலே தூக்கி வைத்தால்? வேகத்தால் பயனில்லை, பதமாக வளைத்துத்தான் போட வேண்டும். இந்த யோசனைக்கு அவருடைய சின்ன வயது ஆட்டம் ஒன்று கைகொடுத்தது. பாறை மேல் ஒரு கல்லை வைத்து, தூரத்திலிருந்து கல்லெறிந்து அதை வீழ்த்த வேண்டும், எறிந்த கல்லை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு பிடிபடாமல் திரும்ப வேண்டும். வேகமாக விட்டெறிகிறவன் கல் எங்கேயோ போய் விழும், மேலே தூக்கிப் போடுகிறவன் கல் பக்கத்திலேயே விழும், அவன் தப்பித்துவிடுவான். நம் ஊரில் கோலியும் பம்பரமும் ஆடியவர்களுக்கு இந்தக் கை நிதானம் புரியும்.

காலையில் பள்ளிக் காவலாளி ஸ்டெபின்ஸிடம் 18 அங்குலப் பெட்டி இரண்டு இருக்கிறதா என்று கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழம் வந்த பழைய கூடை இரண்டு கிடக்கிறது என்றார் அவர். கூடை ஆணியில் ஏறியது, 13 விதிகள் தட்டச்சாகி அறிவிப்புப் பலகையில் ஏறின. பக்கத்துக்கு ஒன்பது பேர், கையில் ஒரு கால்பந்து. 1891 டிசம்பரில் நடந்த அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை, போட்டவர் வில்லியம் சேஸ். ஃபிராங்க் மேஹன் என்ற மாணவர் இதற்கு நைஸ்மித் பால் என்று பெயர் வைக்கலாம் என்றாராம். அவர் மறுத்துவிட, கூடை இருக்கிறது, பந்து இருக்கிறது, பாஸ்கெட் பால் என்றே வைப்போம் என்று அதே மேஹன்தான் சொன்னார்.

ரிங் ஏன் சரியாக 10 அடி உயரத்தில் இருக்கிறது? ஏதாவது கணக்கு உண்டா?
*பொறியியல் மாணவர், சேலம்*

கணக்கு எதுவும் கிடையாது. ஸ்பிரிங்ஃபீல்ட் கூடத்தில் சுற்றிலும் பால்கனி மாதிரி ஒரு மாடம் இருந்தது, அதன் கைப்பிடி விளிம்பு தரையிலிருந்து 10 அடி. ஆணி அடிக்க வாகான இடம் அதுதான். ஆட்கள் எவ்வளவோ உயரமாகிவிட்டார்கள், எகிறிக் குதித்துப் பந்தைக் கையாலேயே வளையத்துக்குள் திணித்து டங்க் பண்ணுகிறார்கள், உயரத்தைக் கூட்டலாமா என்ற பேச்சும் பலமுறை வந்து போயிருக்கிறது. 10 அடி அப்படியே நிற்கிறது.

கூடையில் விழுந்த பந்தை எப்படி எடுத்தார்கள்? ரிங்குக்குப் பின்னால் இருக்கும் போர்டு எப்போது வந்தது?
*ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர்*

ஐயா, நீங்களே சொல்லக்கூடியவர். கேட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பழக்கூடைக்கு அடி உண்டு. ஒவ்வொரு முறையும் யாராவது ஏணியில் ஏறிப் பந்தை எடுத்துக் கீழே போட வேண்டும். ஒரு ஆட்டத்தில் ஒன்றிரண்டு கூடை விழுந்த நாளில் அது பெரிய வேலையாக இருந்திருக்காது. பிறகு இரும்பு வளையமும் வலையும் வந்தன, ஆனால் வலையின் அடி அப்போதும் மூடித்தான் இருந்தது. கயிற்றையோ சங்கிலியையோ இழுத்தால் பந்து வெளியே விழும். அடி திறந்த வலையை விதி ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய 20 வருஷம் பிடித்தது என்றால் நம்ப முடிகிறதா? வலையே எதற்கு, வெறும் வளையம் போதாதா என்று கேட்பவர்கள் வலை இல்லாத ரிங்கில் ஒரு சாயங்காலம் ஆடிப் பார்க்க வேண்டும். நான் படித்த பள்ளியில் அப்படித்தான் இருந்தது. பந்து உள்ளே போனதா, வளையத்தை ஒட்டி வெளியே போனதா என்று தூரத்தில் நிற்பவனுக்குத் தெரியாது, பாதி நேரம் அந்தச் சண்டையிலேயே போகும். உள்ளே நுழைகிற பந்தை வலை ஒரு நொடி பிடித்து வைத்துக் காட்டிவிட்டுத்தான் விடுகிறது.

போர்டு வந்ததற்குக் காரணம் பார்வையாளர்கள். கூடை மாட விளிம்பில் இருந்ததால், மேலே உட்கார்ந்து பார்த்தவர்கள் கையை நீட்டித் தங்கள் அணிப் பந்தைக் கூடைக்குள் தள்ளிவிடுவார்கள், எதிரணிப் பந்தைத் தட்டிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் கூடைக்குப் பின்னால் முதலில் கம்பி வலைத் தடுப்பு வைத்தார்கள். கம்பி வலை போகப்போக நசுங்கியது, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே பட்டால் பந்து எப்படித் திரும்பும் என்பது உள்ளூர் அணிக்கு மட்டும் அத்துப்படி ஆகிவிட்டது. சரி என்று மரப்பலகை வைத்தார்கள். அது பின்னால் இருப்பவர்களுக்கு ஆட்டத்தை மறைத்தது, அதனால் கண்ணாடி வந்தது. தடுப்புக்கு என்று வைத்ததில் பந்தை மோதவிட்டுக் கூடைக்குள் போட ஆட்டக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். போர்டில் அடித்துப் போடு என்று நீங்கள் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பீர்கள்!

பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது என்பது முதல் விதிகளிலேயே உண்டென்றால், தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிப்ளிங் எப்படி வந்தது?
*கல்லூரி அணி வீரர், நாகர்கோவில்*

நைஸ்மித்தின் 13 விதிகளில் டிரிப்ளிங் என்ற சொல்லே இல்லை. பந்து எங்கே கைக்கு வந்ததோ அங்கேயே நின்று இன்னொருவருக்கு எறிய வேண்டும், அவ்வளவுதான். எதிரணிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு பாஸ் பண்ண வழியில்லாமல் மாட்டியவர்கள் ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். பந்தை வேண்டுமென்றே தரையில் விட்டுவிடுவது, பிறகு தானே ஓடிப்போய் எடுத்துக்கொள்வது. விட்ட பந்து யாருக்கும் சொந்தமில்லை, அதனால் விதியும் மீறப்படவில்லை. ஒரு தடவை விட்டு எடுத்தது இரண்டு மூன்று தடவையானது. 1890-களின் கடைசியில் யேல் பல்கலைக்கழக அணி இதையே ஒரு தாக்குதல் முறையாக்கியது. அன்றைய பந்து லேஸ் போட்டு இறுக்கிய தோல் பந்து, லேஸ் பட்ட இடத்தில் கோணலாக எம்பும். பந்து உருண்டை சீரான பிறகுதான் இன்று நீங்கள் செய்கிற வேகத்தில் தட்ட முடிந்தது.

ஓட்டத்தைத் தடுக்கப் போட்ட விதியிலிருந்தே ஓட்டம் பிறந்ததை நைஸ்மித் தப்பாக நினைக்கவில்லை. டிரிப்ளிங் அவருக்குப் பிடித்தே இருந்தது.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பாஸ்கெட்பால் என்றால் உயிர். பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு ஓட்டம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். இது ஆண்களுக்காக வந்த ஆட்டம்தானே?
*இல்லத்தரசி, கும்பகோணம்*

அம்மா, ஆண்கள் ஆடத் தொடங்கி முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, பெண்களும் இறங்கிவிட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சிறிது தூரத்தில் ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி. அங்கே உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன், சின்ன வயதில் நோஞ்சானாக இருந்து உடற்பயிற்சியால் தேறியவர். நைஸ்மித்தின் ஆட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டுத் தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1893 மார்ச் 22-ல் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. தொடக்கத்தில் பந்தை மேலே எறிந்தபோதே ஒரு மாணவியின் தோள் மூட்டு விலகிவிட்டது, அவரை வெளியே அழைத்துப்போய்க் கவனித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அன்றைக்கு அங்கேயும் சொன்னார்கள், ரொம்ப ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்று. அதற்கு பெரென்சன் செய்த ஏற்பாடு, கோர்ட்டை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு யாரும் தாண்டக்கூடாது என்றது. எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கவும் தடை. அந்தக் காலத்தில் பெண்கள் ஆட அனுமதி கிடைக்க அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொல்லைக்கு வந்த தீர்வு, தொல்லை போன பிறகும் போகாமல் உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கும் இதுதான் உதாரணம். அதே வழியில் வந்த, பாதி கோர்ட்டைத் தாண்டக்கூடாது என்ற, பக்கத்துக்கு ஆறு பேர் ஆட்டம் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரை இருந்தது. பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்ததும் 1976-ல்தான், ஆண்கள் நுழைந்து 40 வருஷம் கழித்து.

சென்னையின் அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குப் பல வருஷம் ஆடினார், தலைமையும் ஏற்றார், குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். பெரியவர்களிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். மகளை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

டி.வி.யில் என்.பி.ஏ. பார்க்கிறேன். போர்டுக்கு மேலே 24, 23, 22 என்று ஓடுகிறதே, அது என்ன? ஏன் 24? முப்பது என்று வைக்கக் கூடாதா?
*ஆட்டோ ஓட்டுநர், மதுரை*

ரொம்ப நல்ல கேள்வி. என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். பந்து கைக்கு வந்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும், எறிந்த பந்து வளையத்திலாவது பட வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்தக் கடிகாரம் இல்லாத காலம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அதன் அருமை தெரியும்.

1950 நவம்பர் 22. மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை அவர்கள் ஊரிலேயே ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி சந்தித்தது. லேக்கர்ஸில் ஜார்ஜ் மைக்கன் இருந்தார், 6 அடி 10 அங்குலம், அவரிடம் பந்து போனால் கூடைதான். பிஸ்டன்ஸ் என்ன செய்தது? பந்து கிடைத்தால் தருவதே இல்லை. நடுக்கோட்டுப் பக்கம் நின்றுகொண்டு தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். நிமிஷக்கணக்கில் ஒருவரும் கூடைப்பக்கம் போகவில்லை. டிக்கெட் வாங்கி வந்த ஜனம் கத்தித் தீர்த்தது. கடைசியில் பிஸ்டன்ஸ் 19, லேக்கர்ஸ் 18. அந்தப் பதினெட்டில் பதினைந்து மைக்கன் போட்டது. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த ஸ்கோர் இன்றும் இதுதான். விதிப்படி அவர்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அங்கேதான் சிக்கலே. இன்னொரு பக்கம், முந்திவிட்ட அணி பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்தும், பின்தங்கிய அணி வேறு வழியில்லாமல் ஃபவுல் செய்துகொண்டே இருக்கும். இப்படியே போயிருந்தால் யார் காசு கொடுத்துப் பார்க்க வருவார்கள்?

சிராக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் சொந்தக்காரர் டேனி பியாசோன். இத்தாலியில் பிறந்து, சின்ன வயதில் அமெரிக்கா வந்து, பௌலிங் கூடம் நடத்தி முன்னுக்கு வந்தவர். அவர் போட்ட கணக்கு நீங்களே சவாரிக்கு நடுவில் போடக்கூடிய கணக்குதான். ஜனம் ரசிக்கிற நல்ல ஆட்டத்தில் ஒரு அணி சுமார் 60 தடவை கூடைக்கு எறிகிறது, இரண்டு அணிக்கும் சேர்த்து 120. ஆட்டம் 48 நிமிஷம், அதாவது 2880 விநாடி. 2880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான்! 1954-55 சீசனில் விதி வந்தது. ஓர் அணியின் சராசரி ஸ்கோர் 79.5-லிருந்து 93.1-க்கு ஒரே வருஷத்தில் ஏறியது. அந்த சீசனின் கோப்பையையும் பியாசோனின் சிராக்யூஸ் அணியே வென்றது, கடைசி ஆட்டத்தில் 92-91. தோற்றது யார் தெரியுமா? அதே பிஸ்டன்ஸ்.

முப்பது கேட்டீர்களே, உலக அமைப்பான ஃபிபா முப்பதுதான் வைத்திருந்தது, 2000-ல் அதுவும் 24-க்கு மாறியது.

இந்த ஆட்டம் நம் ஊருக்கு யார் மூலம் வந்தது?
*வாசகர், பெரியகுளம்*

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டது. மே மாத அகில இந்தியப் போட்டிக்கு ஊரே கூடி உட்காருகிற இடத்திலிருந்து இந்தக் கேள்வி வந்திருக்கிறது.

பாஸ்கெட்பாலைத் தூக்கிக்கொண்டு போனது ஒய்.எம்.சி.ஏ. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்கள் எந்த நாட்டுக்குப் பணிக்குப் போனார்களோ அங்கெல்லாம் ஆட்டமும் கூடவே போனது. 1893-ல் பாரிஸ், அடுத்த சில வருஷங்களில் சீனா, இந்தியா, ஜப்பான். அந்த முதல் 18 பேர் வகுப்பிலேயே இஷிகாவா என்ற ஜப்பானியர் ஒருவர் இருந்தார்.

சென்னைக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1919-ல் சென்னை வந்து, 1920-ல் ஐந்து மாணவர்களோடு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் மரங்களுக்கு நடுவே இருக்கிற அந்தக் கல்லூரிதான். 1943-ல் அவர் காலமானதும் சென்னையில்தான். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பள்ளி பள்ளியாகப் போனார்கள், நம் பி.டி. சார்கள் கற்றுத்தந்ததில் நிறைய அந்த வழியில் வந்தது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1934-ல் டெல்லியில் நடந்தது, இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் 1950-ல் அமைந்தது.

நைஸ்மித் இதை வைத்து நன்றாகச் சம்பாதித்தாரா?
*மளிகைக் கடை வைத்திருப்பவர், அறந்தாங்கி*

இல்லை. காப்புரிமை வாங்கவில்லை, காசு கேட்கவும் இல்லை. மருத்துவப் படிப்பும் முடித்தார், 1898-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஓய்வு பெறும் வரை அங்கேயே ஆசிரியராக இருந்தார். அங்கே கூடைப்பந்துப் பயிற்சியாளராக அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. ஜெயிப்பது அவருக்கு முக்கியமாகவே இல்லை, உடம்பும் குணமும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. அவர் எழுதி, தட்டச்சாகி ஒட்டப்பட்ட அந்த விதித் தாள்கள் 2010-ல் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போயின.

ஆனால் ஒரு நாள் அவருக்குக் கிடைத்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதல்முறை பதக்க விளையாட்டானது. அவர் போய்ப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கப் பயிற்சியாளர்கள் ஆட்ட டிக்கெட்டுகளிலிருந்து சிறு பங்கு எடுத்துப் பணம் சேர்த்து அனுப்பினார்கள். வயது 74. முதல் ஆட்டத்தின் பந்தை அவரே மேலே எறிந்து தொடங்கி வைத்தார். இறுதிப் போட்டி நடந்தது திறந்தவெளி மண் தளத்தில், கொட்டும் மழையில். தண்ணீர் தேங்கிய தரையில் பந்து எம்பவே இல்லை, டிரிப்ளிங் நின்றுபோனது. எறிவது, பிடிப்பது, நின்ற இடத்திலிருந்து மறுபடி எறிவது. நைஸ்மித் 1891-ல் எழுதிய விதி எப்படியோ அப்படியே ஆடினார்கள், வேண்டுமென்று இல்லை, மழையால். அவர் குடியுரிமை பெற்ற அமெரிக்கா 19, பிறந்த கனடா 8. பதக்கங்களை அவர் கையால் கொடுத்தார். 1939 நவம்பரில் காலமானார்.

வீட்டுச் சுவரில் பையனுக்காக ஒரு ரிங் மாட்ட ஆசை. என்ன அளவு வைக்க வேண்டும்?
*வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், ஓசூர்*

நீங்களே அடித்துவிடலாம். வளையத்தின் உள் விட்டம் 45 சென்டிமீட்டர், அதாவது 18 அங்குலம், நைஸ்மித் காவலாளியிடம் கேட்ட பெட்டி அளவேதான். தரையிலிருந்து வளையத்தின் மேல்விளிம்பு 3.05 மீட்டர். முழு அளவுப் போர்டு 1.80-க்கு 1.05 மீட்டர், வீட்டுக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். பையனுக்குப் பன்னிரண்டு வயதுக்குள் என்றால் 2.60 மீட்டரில் மாட்டி, ஐந்தாம் நம்பர் பந்து வாங்கிக்கொடுங்கள். பெரிய பந்தும் உயர ரிங்கும் கொடுத்தால் தோளால் தூக்கி எறியப் பழகிவிடுவான், பிறகு கையைத் திருத்துவது கஷ்டம். பின்னால் ஏற்றிக்கொள்ள வசதியாகச் சுவரில் மேலேயும் துளை போட்டு வையுங்கள். அப்புறம், வலை கட்ட மறக்காதீர்கள்.